கொலோசியம் எதிரே நின்று விற்பவர்களிடம் டிக்கெட் வாங்காதீர்கள்

ரோமில் மெட்ரோ பி தடத்தின் கொலோசியோ நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் பழைய ரோமானிய அரங்கமான கொலோசியம். அந்தச் சாலையைக் கடப்பதற்குள் பணத்தைப் பறிகொடுப்பவர்கள் நிறையப் பேர். கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர் சரளமான ஆங்கிலத்தில் நெருங்கி வருவார். "இன்றைய டிக்கெட் தீர்ந்துவிட்டது, வரிசை மூன்று மணி நேரம் போகும், எங்களோடு வந்தால் நேரே உள்ளே போகலாம்" என்பார். ஆளுக்கு 50 யூரோ கேட்பார். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் என்றால் 200 யூரோ.

அதே குடும்பம் அரசு விலையில் போனால் 36 யூரோதான். பெரியவர்களுக்குச் சாதாரண டிக்கெட் 18 யூரோ. 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இலவசம், ஆனால் அதற்கும் பெயர் கொடுத்து இலவச டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். இந்த 18 யூரோவிலேயே பக்கத்திலுள்ள பழைய நகர மையமான ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் அடக்கம். 24 மணி நேரத்துக்குச் செல்லும். அரங்கின் நடுக் களத்தில் நிற்க வேண்டுமென்றால்தான் 24 யூரோ டிக்கெட்.

வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம் என்பது முதல் பொய். நுழைவாயிலில் விமான நிலையம் போலப் பாதுகாப்புச் சோதனை உண்டு. வழிகாட்டியோடு வந்தவரும் தனியாக வந்தவரும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும். நேரம் குறித்த டிக்கெட் கையில் இருந்தால் டிக்கெட் வரிசை தானாகவே இல்லை. அதாவது 18 யூரோவுக்குள் ஏற்கெனவே இருக்கும் சலுகையைத்தான் தனியாக விலை வைத்து விற்கிறார்கள்.

இரண்டாவது இன்னும் மோசம். ஃபோரத்துக்கும் பாலடைனுக்கும் மட்டும் செல்லும் டிக்கெட் ஒன்று உண்டு. அதில் கொலோசியத்துக்குள் போக முடியாது, அதையே கொலோசியம் டிக்கெட் என்று விற்பார்கள். சீட்டில் இந்த இடங்களை நிர்வகிக்கும் கொலோசியம் தொல்லியல் பூங்காவின் முத்திரை இருப்பதால் பார்ப்பவர் நம்பிவிடுவார். வாயிலில் திருப்பி அனுப்பும்போதுதான் விஷயம் தெரியும், விற்றவர் அதற்குள் போயிருப்பார். மூன்றாவது, பெயர். 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் பயணியின் பெயர் அச்சாகிறது, பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுகிறார்கள். வேறொருவர் பெயரில் உள்ள சீட்டை எத்தனை யூரோ கொடுத்து வாங்கினாலும் அது வெறும் காகிதம்.

டிக்கெட் உண்மையிலேயே சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, அதை மறுக்க முடியாது. அதற்குப் பின்னாலும் ஒரு கொள்ளை இருந்தது. தானியங்கி மென்பொருள் வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டு கூடுதல் விலைக்கு விற்றதற்காக, 2025 ஏப்ரலில் இத்தாலியப் போட்டி ஆணையம் பல சுற்றுலா நிறுவனங்களுக்கும் முன்பு டிக்கெட் விற்பனையை நடத்திய அமைப்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. எனவே செய்ய வேண்டியது இதுதான்: போகும் நாளுக்குச் சரியாக 30 நாள் முன்பு பூங்காவின் சொந்த இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். கூகுளில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் விளம்பரங்கள். முகவரியில் 'டிக்கெட்டிங் டாட் கொலோசியோ டாட் இட்' என்று இருக்கிறதா என எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம், ஆனால் அன்று முன்பதிவு கிடையாது, கூட்டம் நெரியும். குழந்தையோடும் முதியவரோடும் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது.

வத்திக்கானிலும் இதே கதைதான். ஒட்டாவியானோ மெட்ரோவில் இறங்கி நடக்கும் வழி முழுக்க ஆட்கள் நிற்பார்கள். புனித பேதுரு பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. குவிமாடம் ஏறத்தான் கட்டணம், முழுக்கப் படியேறினால் 551 படிகள். அருங்காட்சியகமும் சிஸ்டைன் சிற்றாலயமும் வேறு. அவற்றின் வாயில் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் இல்லை, மதிலைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடந்து வியாலே வத்திக்கானோ தெருவுக்குப் போக வேண்டும். அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் டிக்கெட் 20 யூரோவும் பதிவுக் கட்டணம் 5 யூரோவும். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். பேராலய வரிசையில் நிற்பவரிடம் அருங்காட்சியக டிக்கெட்டைக் காட்டி "இதுதான் பேராலய டிக்கெட்" என்று விற்பதும் நடக்கிறது.

புதன்கிழமைகளில் நடக்கும் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்புக்கான சீட்டு எப்போதும் இலவசம், அதற்குக் காசு வாங்க யாருக்கும் உரிமையில்லை. 2022 மே 15 அன்று குமரி மண்ணின் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டது பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில்தான். யாத்திரைக் குழுவாகப் போகிறவர்கள், ஏற்பாட்டாளரின் கணக்கில் இந்தச் சீட்டுக்கென்று ஏதாவது தொகை இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் 2023 ஜூலை வரை இலவசம், இப்போது 5 யூரோ. பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டுப் போகிறவர்களிடம் 15, 20 யூரோவுக்கு ஒலி வழிகாட்டியைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

சதுக்கங்களில் நடப்பது சின்னத் திருட்டு, ஆனால் அடிக்கடி நடக்கும். ஸ்பானியப் படிக்கட்டின் அடியில் நட்புக் கயிறு என்று மணிக்கட்டில் கட்டி இறுக்கிவிட்டுக் காசு கேட்பார்கள். கையை நீட்டாமல், நிற்காமல், பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். அந்தப் படிகளில் உட்கார்ந்தால் நகராட்சியே 250 யூரோ அபராதம் போடும், 2019 முதல் தடை. ரோமானிய வீரர் வேடமிட்டவரோடு படம் எடுத்தால் கேட்கும் தொகை கொடுக்காமல் விடமாட்டார்கள்.

நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினியின் நான்கு நதி நீரூற்றைக் கட்டாயம் பாருங்கள். கையில் துடுப்போடு இருப்பவர் கங்கையின் உருவம், நம்மவர்கள் பலர் தெரியாமலே கடந்து போகிறார்கள். ஆனால் சதுக்கத்து மேசையில் உட்காரும் முன் விலைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். காபி நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் பல மடங்கு. மீனுக்கு எதிரே இருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கானது, 'எத்தோ' என்று சின்னதாகப் போட்டிருக்கும். முழு மீன் அரைக் கிலோவுக்கு மேல் வந்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். 2019இல் சாந்தாஞ்சலோ கோட்டை அருகே இரண்டு ஜப்பானியப் பெண்கள் மீன் ஸ்பகெட்டிக்கும் தண்ணீருக்குமாக 429.80 யூரோ கட்டினார்கள், அதில் 80 யூரோ 'டிப்ஸ்'. டிப்ஸ் கட்டாயமில்லை. ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் இருக்கைக்கென்று தனிக் கட்டணம் வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது. ரொட்டிக்கு வாங்கலாம், ஆகவே வேண்டாமென்றால் வந்த உடனே திருப்பி அனுப்புங்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் காசு தேவையில்லை, தெருக் குழாய்களில் நாள் முழுக்க ஓடுவது நல்ல குடிநீர்.

ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து பழைய நகர மதிலுக்குள் டாக்ஸி கட்டணம் 55 யூரோ, அது வண்டிக்கு, ஆளுக்கு அல்ல, பெட்டிகளும் அடக்கம். கதவில் 'ரோமா காப்பித்தாலே' என்று எழுதிய வெள்ளை வண்டியில் மட்டும் ஏறுங்கள். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 40, 64 பேருந்துகளில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பிக்பாக்கெட்காரர்கள் கதவு மூடும் நொடியில்தான் வேலை செய்வார்கள். கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

ஏமாந்துவிட்டால் ரசீதையும் சீட்டையும் தூக்கி எறிய வேண்டாம். கார்டில் கட்டியிருந்தால் அன்றே வங்கிக்குத் தெரிவித்து அந்தத் தொகைக்கு ஆட்சேபம் எழுப்பலாம். அவசர எண் 112. பாஸ்போர்ட் போய்விட்டால் முதலில் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அந்த நகலையும் பாஸ்போர்ட் ஜெராக்ஸையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு வியா வென்தி செத்தெம்ப்ரே தெருவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள்.