பழைய பேஸ்பால் ஜெர்சி எந்த ஊருடையது: லேபிளா, புகைப்படமா, ஊசித் துளையா?

அமெரிக்காவில் பழைய கம்பளி பேஸ்பால் ஜெர்சி ஒன்று கைக்கு வந்தால், அதன் பூர்வீகத்தைத் தேட மூன்று வழி இருக்கிறது. கழுத்தில் இருக்கும் லேபிளைப் படிக்கலாம், பழைய புகைப்படங்களோடு ஒத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் பிரித்தெடுத்த எழுத்துகள் துணியில் விட்டுப்போன ஊசித் துளைகளைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஒஹையோவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் வாங்கிய சாம்பல் நிற ஜெர்சிக்கு நான் மூன்றாவது வழியில்தான் போனேன். நெஞ்சில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லாத ஜெர்சி அது.

லேபிளைக் குறை சொல்ல மாட்டேன். காலத்தைக் குறுக்க அதைவிட வேகமான வழி இல்லை. விளையாட்டுச் சாமான் செய்த கோல்ட்ஸ்மித் கம்பெனி 1936ல் மெக்ரிகர் என்ற இன்னொரு கம்பெனியை வாங்கிய பிறகுதான் இரண்டு பெயரும் சேர்ந்த லேபிள் வந்தது, ஆக அந்த ஜோடிப் பெயரைப் பார்த்தால் அதற்கு முந்தைய வருடங்களை மறந்துவிடலாம். எப்படித் துவைக்க வேண்டும் என்று லேபிளில் போட வேண்டிய விதி அமெரிக்காவில் 1972ல்தான் அமலுக்கு வந்தது; 1930களின் சட்டை என்று விற்கப்படுவதில் அப்படி ஒரு லேபிள் இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஆனால் லேபிள் சொல்வதெல்லாம் தைத்த கம்பெனியைப் பற்றித்தான். ஸ்பால்டிங், ராலிங்ஸ், வில்சன் எல்லாம் பெரிய லீக் என்ற உச்ச மட்டத் தொழில்முறை அணிகளுக்கும் தைத்தார்கள், பள்ளிக்கூடத்துக்கும் ஆலைத் தொழிலாளர் அணிக்கும் விற்றார்கள். ஜவுளிக்கடைப் பையை வைத்து அது யார் வீட்டுக் கல்யாணப் புடவை என்று சொல்ல முடியுமா?

புகைப்படம் பெரிய லீக் சட்டைகளுக்கான வழி. பட்டனுக்குப் பக்கத்தில் எழுத்து எங்கே விழுகிறது, பின்ஸ்ட்ரைப் கோடு தையலில் எங்கே வெட்டுப்படுகிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்துவார்கள். 1932 உலகத் தொடரில், அதாவது பெரிய லீக்கின் இறுதிப் போட்டித் தொடரில், புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத் போட்ட சட்டை 2024ல் 2.4 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனதென்றால், அதற்கு இந்தப் பொருத்தம் ஒரு முக்கியக் காரணம். அந்த விலைச் சட்டைகளை நான் தொட்டதுகூட இல்லை, அதனால் அங்கே என் அபிப்பிராயத்துக்கு மதிப்பும் இல்லை. மார்க் ஒக்கோனென் வரைந்த பெரிய லீக் சீருடைப் படங்கள், கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமின் இணையக் காட்சியில் ஆண்டுவாரியாகக் கிடைக்கின்றன, அருமையான வேலை, ஆனால் சின்ன ஊர் அணி எதுவும் அதில் வராது.

சரி, துளைக்கு வருவோம். நான் அதன் பக்கம் சாய ஒரே காரணம், அதைப் பிரித்து வேறு சட்டையில் தைக்க முடியாது. லேபிள் என்பது ஒரு துண்டுத் துணி. பிளேடும் ஊசியும் இருந்தால் கொஞ்ச நேரத்தில் சட்டை மாறிவிடும். 1980களிலிருந்து பழைய ஃபிளானல் (கம்பளித் துணி) ஜெர்சிகளின் நல்ல மறுபதிப்புகள் சந்தையில் இருக்கின்றன. அவற்றைத் தைத்தவர்கள் தங்கள் பெயரைப் போட்டுத்தான் விற்றார்கள், ஆனால் அந்த லேபிளைக் கழற்றிவிட்டுப் பழையதை ஒட்டித் தைக்க யாரோ ஒருவர் போதும். ஃபெல்ட் என்ற தடித்த அழுத்துத் துணியில் வெட்டிய எழுத்தோடு சட்டை பல கோடை ஆடியிருந்தால் கதை வேறு: எழுத்தை உரித்தாலும் அதற்கடியில் இருந்த கம்பளி வெளுக்காமல் இருக்கும், ஓரமெங்கும் துளை வரிசை நிற்கும். இதைப் போலியாகச் செய்யவே முடியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் சாதாரண ஊர் அணிச் சட்டைக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டு, விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் துளைகள் எழும்பித் தெரியும். என் சட்டையில் வளைவாக ஒரு ஊர்ப்பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு ஆலையின் பெயர். அந்த ஊர் நூலகத்தில் மைக்ரோஃபிலிமில் இருந்த பழைய செய்தித்தாளில் அந்த ஆலை அணியின் படமே கிடைத்தது. சில சட்டைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெயர்கள் தெரியும். பெரிய அணிகள் பழசானதைத் தங்கள் கீழ்மட்ட (மைனர் லீக்) அணிகளுக்குத் தள்ளிவிடும் வழக்கம் இருந்தது. கைப்பகுதியையும் விடாதீர்கள். 1939ல் பேஸ்பால் நூற்றாண்டுச் சின்னம், 1942ல் கேடய வடிவச் சின்னம் என்று கையில் தைத்தார்கள், சின்னம் போய்விட்டாலும் அதன் வடிவம் நிற்கும். புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று மின்னினால் சந்தேகப்படுவது சரிதான், ஆனால் போருக்குப் பிந்தைய சலவைத்தூளில் துவைத்திருந்தால் பழைய பருத்தி நூலும் மின்னும். அதை மட்டும் வைத்து ஒரு சட்டையைத் தூக்கி எறியாதீர்கள்.

1970க்குப் பிந்தைய சட்டை என்றால் நான் சொன்னது அவ்வளவாக உதவாது. அந்த வருடம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பின்னல் துணிக்கு மாறினார்கள், சீக்கிரமே எல்லோரும் மாறிவிட்டார்கள். அந்தத் துணி இழுபடும், துளை மூடிக்கொள்ளும். நான் பார்த்த ஒன்றிரண்டில் ஒன்றுமே படிக்க முடியவில்லை, அங்கே லேபிள்தான் கதி. கம்பளி ஜெர்சியை இணையத்தில் வாங்குவதாக இருந்தால், விற்பவர் ஒரே ஒரு படம்தான் கூடுதலாக அனுப்புவேன் என்றால், லேபிளைக் கேட்காமல் நெஞ்சுப் பகுதியின் உள்பக்கத்தைக் கேளுங்கள்.