விற்கப் போகும் வீட்டில் எவ்வளவு காசு போடலாம்?

“அண்ணே, வீட்டை விக்கப் போறோம். உள்ளே என்னென்ன மாத்துனா நல்ல விலைக்குப் போகும்?” கோலாலம்பூரின் செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங் வட்டாரத்தில் வீடு பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பாதி முடிவோடுதான் கேட்கிறார்கள். சிலருக்கு, இருக்கிறபடியே விற்றுவிட வேண்டும், வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார். சிலருக்கு, சமையலறை கேபினெட்டிலிருந்து குளியலறை ஓடு வரை எல்லாவற்றையும் புதிதாக்கி, போட்ட காசை விலையில் ஏற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில், ஒழுகலை அடைத்து, மின்சாரத்தைச் சரிபார்த்து, சாயம் அடித்து விற்பது மூன்றாவது வழி. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடானாலும் கொண்டோ என்ற அடுக்குமாடி வீடானாலும் பெரும்பாலோருக்கு இந்த மூன்றாவது வழிதான் கட்டுப்படியாகும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய வேலை கிடைத்தால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் விற்கப் போகும் வீட்டில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முழுப் புதுப்பிப்பு: வங்கி ஒத்துக்கொள்ளாத கணக்கு

வாங்குபவர் பெரும்பாலும் வங்கிக் கடனை நம்பித்தான் வருகிறார். பேசிய விலை, மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கடன் தரும். மதிப்பீட்டாளர் அதே தாமானில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையைப் பார்க்கிறார். புதுப்பித்த வீடு என்றால் கொஞ்சம் கூட்டிப் போடுவார். நீங்கள் கேபினெட்டுக்குக் கட்டிய பில்லை அப்படியே சேர்த்துவிட மாட்டார்.

பேசிய விலை 6 லட்சம் வெள்ளி (ரிங்கிட்), மதிப்பீடு 5 லட்சத்து 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு கடன் கிடைத்தாலும் வங்கி தருவது 4 லட்சத்து 95 ஆயிரம். மீதி 1 லட்சத்து 5 ஆயிரத்தை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வையும் வழக்கறிஞர் கட்டணமும் தனி. வீடு பிடித்துப்போன இளம் தம்பதிகள் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் ஆசையில் குறையில்லை, கைப்பணம்தான் எட்டவில்லை. ஏற்கெனவே இரண்டு வீட்டுக் கடன் உள்ளவர் மூன்றாவதாக வாங்கினால், அவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 70 விழுக்காடுதான்.

ரசனையும் இருக்கிறது. வாங்குவது சீனக் குடும்பமானால் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெங் சுயி பார்ப்பார்கள். நம்மவர்கள் வாஸ்து பார்ப்பார்கள். நீங்கள் ஆசை ஆசையாகப் போட்ட கேபினெட்டை முதல் மாதமே கழற்றிப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

முன்பே வேலை செய்திருந்தால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மலேசியக் குடிமக்கள் வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. 4ஆம் ஆண்டில் 20. 5ஆம் ஆண்டில் 15. 6ஆம் ஆண்டு முதல் வரி இல்லை. வீட்டின் மதிப்பைக் கூட்டச் செய்த செலவை, ரசீது இருந்தால், ஆதாயத்திலிருந்து கழிக்கலாம்.

இருக்கிறபடியே விற்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். சில வீடுகளுக்கு இதுதான் சரி. பக்கத்தில் நிலம் உள்ள மூலை வீடு, ஓர் அறையைக்கூட மாற்றாமல் நிற்கும் பழைய ஒரு மாடி வீடு: இவற்றை வாங்குகிறவர் இடித்துக் கட்டத்தான் வருகிறார். அங்கே சாயத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் வீண்.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளும் இந்த வகைதான். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரிய வட்டாரத்துக்குள் நினைத்தபடி கை வைக்க முடியாது, அனுமதி வேண்டும். அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டவை. உள்ளே ஏறும் ஈரத்தைச் சுவரே வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, நீர் புகாத சாயத்தையும் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு பொரிந்துவிடும். விவரம் தெரிந்து வாங்க வருபவர் அதைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். கூட்டிப் பெருக்கி, கூரையில் முளைத்த செடியைப் பிடுங்கி, அப்படியே காட்டுங்கள்.

மற்றபடி, குடும்பம் வாழ வாங்கும் சாதாரண இரண்டு மாடி வீட்டை ஒழுகலோடு காட்டினால் இழப்பு உங்களுக்குத்தான். உட்கூரையில் தட்டளவு கறை ஒன்றைப் பார்த்தவர் ஓட்டுக்கூரை முழுவதையும் மாற்றும் செலவை மனதில் போட்டுக்கொள்வார். ஓர் ஓடு நகர்ந்ததுதான் காரணம் என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறாது.

நடுவழி: முதலில் ஈரம், பிறகுதான் சாயம்

குளியலறைக்கு அந்தப் பக்கம் உள்ள படுக்கையறைச் சுவரை, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சாயம் கொப்புளமாக எழும்பி, அழுத்தினால் உடைந்து, வெள்ளை மாவு மாதிரி உப்பு கையில் ஒட்டினால், சுவருக்குள் தண்ணீர் வருகிறது என்று பொருள். அதன்மேல் எந்த உயர்ந்த சாயத்தை அடித்தாலும் நிற்காது. வீடு பார்க்க ஆட்கள் வரும் நேரத்தில் சரியாக மறுபடி பொரியும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க முதல் சோதனைக்குச் செலவே இல்லை. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, வீட்டுத் தொட்டிகள் நிரம்பிய பிறகு, வாசலில் உள்ள தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். மீட்டர் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. அசையாமல் நின்றால் குளியலறைத் தரையின் நீர்காப்பையும் ஓட்டு இடுக்குகளையும் சந்தேகப்படலாம். கசிவை அடைத்த பிறகு, பொரிந்த பூச்சைக் கெட்டியான இடம் வரும்வரை சுரண்டி, சுவரைக் காயவிட வேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அவசரப்படுபவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். காய்ந்த பின் சீலர் என்ற அடிப்பூச்சு, அதன்பின் சாயம். உட்கூரையில் தேநீர் நிறக் கறை இருந்தால் கறை தடுக்கும் சீலர் போடாமல் தண்ணீர்ச் சாயத்தை மட்டும் அடிக்காதீர்கள். கறை மேலே ஊறி வந்துவிடும். கூரை வேலை முடிந்ததும் ஒரு நல்ல மாலை மழை பெய்யும்வரை காத்திருந்து பார்த்துவிட்டே உட்கூரைக்குச் சாயம் அடியுங்கள்.

கொண்டோவில் கசிவு மேல்வீட்டிலிருந்து வந்தால் உங்கள் காசைப் போட்டு மூடி மறைக்க வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகள்படி, நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்தால் 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் தெரியவராதவரை மேல்வீட்டிலிருந்தே கசிகிறது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பரிசோதனைச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் வாங்குபவரிடம் மறைக்க எதுவும் இருக்காது.

சாயத்தில் வெள்ளையோ, லேசான சந்தன நிறமோ போதும். நம் வீடுகளில் பச்சையும் ஆரஞ்சும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வாங்குபவர் அவருடைய சோபாவை அங்கே கற்பனை செய்ய வேண்டும். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தால், கோலாலம்பூரில் டிபிகேஎல் என்ற மாநகர் மன்றம், பினாங்குத் தீவில் அங்குள்ள மாநகர் மன்றம் கொடுத்த அனுமதி நகலை எடுத்து வையுங்கள். அனுமதி இல்லாத பகுதியை மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடலாம்.

சாமி அறை

வீடு பார்க்க ஆட்கள் வரும் நாட்களில் சாமி மேடையை எடுத்துவிடச் சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. குடும்பம் அங்கே வாழ்கிறது, விளக்கு எரியத்தான் வேண்டும். நம் நாட்டில் வீட்டுக்குள் வழிபாட்டு மேடையைப் பார்த்து முகம் சுளிப்பவர் குறைவு. உறுத்துவது விளக்குக்கு மேலே படிந்த கரியும் தரையில் பிசுக்கேறிய எண்ணெயும்தான். கரியை முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுத்து, காய்ந்த பின் சீலர் போட்டுச் சாயம் அடிக்க வேண்டும். கரிமேல் நேரே அடித்தால் மஞ்சளாகத் தெரியும். ஓடு பதித்துக் கட்டிய மேடையானால், சாவி கொடுக்குமுன் அகற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மேடையை எடுக்கும் நாளில் குருக்களை வைத்து முறைப்படி செய்ய நேரம் கிடைக்கும். அம்மா அப்பா வைத்த இடத்தை யாரோ பார்க்க வருகிறார்கள் என்பதற்காக அவசரமாகக் கலைப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

குடியிருந்து காட்டுவதா, காலி செய்து காட்டுவதா?

காலி வீடு பெரிதாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு கீறலும் கூடவே தெரியும். ஆளில்லாத வீட்டில் குளியலறை வடிகாலில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை வாடை மேலே ஏறும். வாரம் ஒருமுறை போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, சன்னல்களைத் திறந்துவிட்டு வந்தால் போதும். குடியிருப்பவர்கள் பாதிச் சாமானை முன்கூட்டியே உறவினர் வீட்டுக்கு அனுப்பினாலே காலி வீட்டின் பலன் கிடைத்துவிடும். வாடகைக்கு ஆள் இருந்தால் முதலீட்டுக்கு வாங்குபவருக்குப் பிடிக்கும். குடிவர நினைப்பவர் தயங்குவார். உங்கள் வட்டாரத்தில் யார் அதிகம் வாங்குகிறார்கள் என்று பார்த்து முடிவெடுங்கள்.

கிராண்ட் எனப்படும் வீட்டுப் பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் சாயத்துக்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். பெயர் மாற்றம் முடியுமுன் அடித்த சாயம், வாங்குபவர் வருவதற்குள் பழசாகிவிடும்.

ஏஜெண்டா, நாமேவா?

அக்கம்பக்கத்திலோ உறவிலோ வாங்க ஆள் தயாராக இருந்தால் வழக்கறிஞர் போதும். இல்லையென்றால் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. கட்டணம் அதிகபட்சம் 3 விழுக்காடு; 5 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 15,000, அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி 1,200. பதிவு எண் இல்லாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பல ஏஜெண்டுகளிடம் கொடுப்பதாக இருந்தால் எல்லாரிடமும் ஒரே விலையைச் சொல்லுங்கள். ஒரே வீடு இணையத்தில் மூன்று விலையில் நின்றால் வாங்குபவர் பேரத்தைத் தொடங்குவது குறைந்த விலையிலிருந்துதான்.