பப் பங்குகளில் என் தேர்வு யங்ஸ்

2020 மார்ச் 20 அன்று, கொரோனாவால், பிரிட்டனில் பப்களை (மதுக்கூடங்களை) மூடச் சொன்னார்கள். அதன்பின் இந்தப் பங்குகளில் நான் பார்ப்பது லாபத்தை அல்ல, கட்டடம் யாருடையது என்பதைத்தான். ஃபுல்லர்ஸ் என்ற பப் நிறுவனம் 2019-லேயே தன் பீர் ஆலையை ஜப்பானின் அசாஹிக்கு 25 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டது. அதன் பப்களில் பெரும்பாலானவை சொந்த இடம், வாடகை கழுத்தை நெரிக்காது. இன்னொரு பப் நிறுவனமான வெதர்ஸ்பூன் 2020 ஏப்ரலில் புதுப் பங்குகள் விற்று 14.1 கோடி பவுண்டு திரட்டியது. பிழைத்தது சரி, பழைய பங்குதாரரின் உரிமை விகிதம் கரைந்ததே!

2020-இல் எனக்குப் பிடித்தது யங்ஸ் என்ற பப் நிறுவனம். அதிலும் அதன் வாக்குரிமை இல்லாத பங்கு: டிவிடெண்ட் வந்தால் வாக்குரிமைப் பங்குக்குக் கிடைத்த அதே டிவிடெண்ட், விலையோ குறைவாக இருந்தது, அப்போது லண்டனின் ஏஐஎம் சந்தையில் (வளரும் நிறுவனங்களுக்கான சந்தை) இருந்ததால் பங்கு வாங்கும்போது கட்டும் 0.5% முத்திரை வரியும் கிடையாது. ஒரே எரிச்சல், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருந்த இடைவெளி. அவசரத்துக்கு விற்க நினைப்பவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாத பங்கு அது.