தர்பூசணியைப் பாதியாக வெட்டும் தொடர்

ஏற்காட்டில் மூன்று நாளாக மழை விடவில்லை, இருபது ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் போக மனசும் இல்லை, அக்கா வீட்டில் வைஃபை இருந்தது, அவ்வளவுதான் காரணம். ‘கினோ நானி தாபேதா?’ என்ற ஜப்பானியத் தொடரில் போய் விழுந்தேன். ‘நேத்து என்ன சாப்பிட்டே?’ என்று அர்த்தம். 2019-இல் வந்தது, 12 எபிசோடு, ஃபூமி யோஷினாகாவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடரிலிருந்து எடுத்தது.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. சிரோ வக்கீல், கென்ஜி சலூனில் முடி வெட்டுபவன். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் ஜோடியாக வாழ்கிறார்கள். சிரோ சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் நேரே சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடுவான். இரண்டு பேர் சாப்பாட்டுக்கும் சேர்த்து மாதம் 25,000 யென், அதற்கு மேல் போனால் அவனுக்குத் தூக்கம் வராது. சூரமங்கலம் உழவர் சந்தையை முழுசாக ஒரு சுற்று சுற்றி விலை கேட்டுவிட்டு முதல் கடைக்கே திரும்பி வருவாரே எங்கள் மாமா, அதே ரகம். முழுத் தர்பூசணி மலிவு என்று முன்பின் தெரியாத ஒரு அம்மாவோடு பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கிறான், அந்தப் பழக்கம் சினேகிதமாகவே வளர்ந்துவிடுகிறது.

சிரோவாக வரும் நிஷிஜிமாவுக்கு எதிரே கென்ஜியாக உச்சினோ நடித்திருக்கும் விதத்துக்காகவே பார்க்கலாம். (தமிழ் வாயில் அந்தப் பெயர் ‘கெஞ்சி’ என்றுதான் வருகிறது, பாதி நேரம் அவன் செய்வதும் அதைத்தான்.) முதல் வாய் சாப்பிட்டதும் கண்ணை மூடி முகமெல்லாம் மலர்கிறானே, எதிரே சிரோ ஒன்றும் நடக்காத மாதிரி சோற்றைக் கிளறிக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோகிறான். காதல் காட்சி என்றால் இதுதான். வேறு எதையாவது எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாறுவீர்கள்.

சிரிக்கச் சிரிக்கப் போகிற தொடர் முதல் எபிசோடிலேயே ஓரிடத்தில் சுருக்கென்று குத்துகிறது. சலூனுக்கு வந்தவர்களிடம் கென்ஜி தன்னைப் பற்றிப் பேசிவிட்டான் என்று சிரோ கத்துகிறான், ஏனென்றால் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. முதலாளி மட்டும் பெண்டாட்டி பிள்ளை கதையைச் சொல்லலாம், கூட வாழ்கிற ஆளைப் பற்றி நான் பேசக் கூடாதா என்று கென்ஜி கேட்கிறான். அதற்குச் சிரோவிடம் பதில் இல்லை. அன்றைக்கும் அடுப்பு மூட்டிச் சமைக்கத்தான் செய்கிறான். இந்தப் பயத்தைத் தொடர் ஒரே எபிசோடில் தீர்த்துவிடாமல் கடைசிவரை மெல்ல மெல்ல அவிழ்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

குறை இருக்கிறது. சமையல் குறிப்பு சில இடங்களில் நீளம், அதுவும் மென்ட்சுயு என்ற நூடுல்ஸ் சாறு பாட்டிலை எடுக்காத நாளே இல்லை. நான் பார்த்த இடத்தில் ஆங்கில சப்டைட்டில் வசனத்துக்கு இரண்டு வினாடி பின்னால் வந்து உயிரை வாங்கியது.

நடுவில் அம்மா வந்து உட்கார்ந்தார். “யாரு கண்ணு இவங்க, அண்ணன் தம்பியா?”

“இல்லம்மா, ஜோடி.”

கொஞ்ச நேரம் பார்த்தார். மிசோ சூப்பைக் காட்டி, “சாம்பார்ல ஏன் பருப்பே காணோம்?” என்றார். எழுந்தும் போகவில்லை.

2021-இல் படமும் 2023-இல் இரண்டாம் சீசனும் வந்தன, ஆனால் இந்தப் பன்னிரண்டிலேயே தொடங்குங்கள். ஒன்று மட்டும், பசியோடு உட்காராதீர்கள். நாலாவது எபிசோடு முடியும்போது ராத்திரி பதினொன்று, மழையில் எங்கே போவது. சேலத்திலிருந்து கொண்டு வந்த தட்டுவடையில் பீட்ரூட், கேரட் துருவிப் போட்டு, மிச்சமிருந்த புதினாச் சட்னியைத் தடவி நாங்களே செட் போட்டுக்கொண்டோம். சிரோ பார்த்திருந்தால் செலவுக் கணக்கை மெச்சியிருப்பான்.