முருங்கைக்கீரையா, பேரீச்சையா, சுவரொட்டியா?

ரத்தப் பரிசோதனையில் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. அன்று சாயங்காலமே அத்தை பேரீச்சம்பழ டப்பாவோடு வந்துவிட்டார். அம்மா முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தார். மாமா கறிக்கடைக்குப் போன் போட்டு, "பாய், நாளைக்குச் சுவரொட்டி ஒண்ணு எடுத்து வைங்க" என்று ஆட்டு மண்ணீரலுக்குச் சொல்லி வைத்தார். மூன்றுமே இரும்புச்சத்துக்குப் பேர் போனவை. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

பேரீச்சையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ருசி, நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் சரி. இரும்பு மட்டும் 100 கிராமுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம்தான். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் கூடும், குறையும். ஐந்து பழம் தின்றால் அரை மில்லிகிராம் தேறலாம். வயதுவந்த பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் சொன்ன அளவோ நாளைக்கு 29 மில்லிகிராம்.

முருங்கைக்கீரை இதைவிட எவ்வளவோ மேல். பச்சை இலையில் 100 கிராமுக்குச் சுமார் 4.5 மில்லிகிராம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 28 என்பது காயவைத்துப் பொடித்த இலையின் கணக்கு. அந்தப் பொடியில் நாம் போடுவது ஒரு டீஸ்பூன், அதாவது இரண்டு மூன்று கிராம். போதாததற்குக் கீரையில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிது. இதைக் கூட்ட வழி உண்டு. பொரியலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியலாம் (கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும்), அல்லது கூடவே ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் அத்தனையும் பாழ். நம் வீடுகளில் கீரையைத் தோற்கடிப்பது பெரும்பாலும் அந்த டம்ளர்தான்.

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். கரும்சிவப்பாக, தட்டையாக இருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். வயதான சிவப்பணுக்களை உடைக்கிற உறுப்பு என்பதால் இரும்பு அங்கே குவிந்து கிடக்கிறது: செம்மறியின் மண்ணீரலில் 100 கிராமுக்குச் சுமார் 40 மில்லிகிராம். ஈரலில்கூட ஏழுதான். இறைச்சியில் இருக்கும் ஹீம் வகை இரும்பு சுலபமாக உடம்பில் சேரும். கூடச் சாப்பிடும் கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மிளகு, உப்பு தடவி இரும்புச் சட்டியில் சுட்டெடுத்தால் போதும். ஆனால் ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், லேட்டாகப் போனால் கிடைக்காது. யூரிக் அமிலம் கூடியவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகள் இதற்குப் பதிலாக ஈரலை அடிக்கடி சாப்பிடக் கூடாது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

கறி சாப்பிடும் வீடென்றால் என் ஓட்டு சுவரொட்டிக்கு. சைவமென்றால் முருங்கைக்கீரையும் எலுமிச்சையும், காபிக்கு ஒரு மணி நேர இடைவெளியும்.

ஆனால் ஹீமோகுளோபின் 9 என்றால் இந்தப் போட்டியே இரண்டாம் பட்சம். அங்கே வேலை செய்வது டாக்டர் எழுதும் மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றிலேயே 60 மில்லிகிராம் இரும்பு. அக்காவும் மாத்திரையைத்தான் ஒழுங்காகப் போட்டாள், காபியைப் பதினொரு மணிக்குத் தள்ளினாள். சுவரொட்டியை முதல் வாய்க்கு மேல் தொடவில்லை. பேரீச்சம்பழ டப்பாவைப் பிள்ளைகள் இரண்டே நாளில் காலி செய்துவிட்டார்கள்.