கடைசி ஸ்லைடில் புதைத்த சான்றுகள்: ஆய்வுரையில் ஆதாரத்தை எங்கே காட்டுவது?

கருத்தரங்குகளில் அடிக்கடி காணும் காட்சி இது. 15 நிமிடம் முடிந்து அமர்வுத் தலைவர் மணியடித்துவிடுவார். ஆய்வாளர் பதறிப்போய் அடுத்த ஸ்லைடுக்குத் தாவுவார். 'துணைநூற்பட்டியல்' என்ற தலைப்பின் கீழ் 22 நூல்கள், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் நிற்கும். மூன்று நொடிதான். அப்புறம் ரோஜாப்பூ படத்தோடு 'நன்றி'.

அந்த 22 நூல்களையும் அவர் உண்மையாகவே படித்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன எந்தக் கருத்துக்கு எந்த நூல் ஆதாரம் என்று அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. பேச்சில் சான்று காட்டப் பல வழிகள் இருக்க, மிக மோசமானதே நம்மிடம் வழக்கமாகிவிட்டது. சரி, எந்த வழி எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று பார்க்கலாம். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு எல்லா வழியிலும் சொல்லிப் பார்ப்போம்: "கீழடியில் மக்கள் வாழ்வு கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குச் செல்கிறது."

முதலில் அந்தக் கடைசி ஸ்லைடு. நெறியாளர் "ரெஃபரன்ஸ் போட்டாச்சா?" என்று கேட்டால் "போட்டாச்சுங்க சார்" என்று சொல்ல உதவும். கட்டுரையில் பட்டியல் கடைசியில் வருவதால் பேச்சிலும் கடைசியில் வைக்கிறோம். ஆனால் கட்டுரை படிப்பவர் பக்கத்தைப் புரட்டிப் பின்னால் போய்ப் பார்த்துத் திரும்பலாம். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. கீழடி பற்றிய வாக்கியம் நான்காம் ஸ்லைடில் வருகிறது. "அப்படியா, யார் சொன்னது?" என்ற சந்தேகமும் அப்போதே எழுகிறது. பதில் 19ஆம் ஸ்லைடில் 14ஆவது வரியில் கிடக்கிறது. அதற்குள் அவர் உங்களை நம்பாமல் இருக்க முடிவு செய்திருப்பார், அல்லது செல்போனை எடுத்திருப்பார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. யாரும் வாசிக்காத பட்டியலில் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிக் கொடுத்த வழக்குகளை முன்தீர்ப்புகள் என்று நீதிமன்றத்தில் காட்டி மாட்டிக்கொண்டார்கள். 5,000 டாலர் அபராதம். எதிர்த் தரப்பு அந்த வழக்குகளைத் தேடிப் பார்த்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. கருத்தரங்கில் மூன்று நொடி மட்டும் தெரியும் பட்டியலை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? பிபிடியைப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் அந்தப் பட்டியல் நாலு பேருக்கு உதவும். அதன் பயன் அவ்வளவுதான்.

அடுத்தது எண் முறை. பொறியியல்காரர்களுக்குப் பழக்கமானது: வாக்கியத்தின் முடிவில் சதுர அடைப்பில் 7 என்று போட்டுவிட்டால் போதும். அச்சில் இடம் மிச்சமாகும். திரையில் அந்த 7 கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்லைடைக் காட்டுகிறது. முகவரி இல்லாத கதவு எண் மாதிரி. அதே ஸ்லைடின் அடியில் அந்த நூலையும் சின்னதாக எழுதினால் பிழைக்கும். ஆனால் அப்படி எழுதிய பிறகு எண் எதற்கு?

அதுதான் மூன்றாவது வழி: அந்தந்த ஸ்லைடின் அடியில் ஆசிரியர் பெயர், ஆண்டு. ஆண்டோடு பெயரைக் கட்டும் இந்த வழக்கத்தை 1881இல் ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்ட் மார்க் தம் கட்டுரையில் கையாண்டார் என்பார்கள். அதனால்தான் 'ஹார்வர்ட் முறை' என்ற பெயர். நம் வாக்கியத்தின் கீழே 'தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, 2019' என்று ஒரு வரி. துறையைச் சேர்ந்தவருக்கு அது போதும். செப்டம்பர் 2019இல் வெளியான அறிக்கை அவர் மனத்தில் வந்துவிடும். சந்தேகம் எழும் இடத்திலேயே பதிலும் இருக்கிறது. வரைபடம், அட்டவணை, புகைப்படம் எதுவானாலும் அதன் அடியில் இந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

தமிழுக்கு இதில் ஒரு சிக்கல். மேலைநாட்டுப் பெயரில் குடும்பப் பெயர் கடைசியில் வரும், அதை மட்டும் எடுத்துப் போடலாம். நம் பெயரில் முன்னால் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. பின்னால் சில சமயம் சாதிப் பட்டம். அந்த விதியை அப்படியே பின்பற்றினால் 'பிள்ளை, 1956' என்று வரும். எந்தப் பிள்ளை? வையாபுரிப் பிள்ளையா, கா. சுப்பிரமணிய பிள்ளையா, தாமோதரம் பிள்ளையா? ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இதில் தினமும் சிக்குகிறார்கள். மேற்கோள் விவரங்களைத் தொகுக்க உதவும் ஜோட்டெரோ போன்ற மென்பொருளும் தானாகவே பெயரை இரண்டாக வெட்டும். அதில் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி இருக்கிறது. நிறுவனப் பெயருக்காக வைத்தது என்றாலும் தமிழ்ப் பெயருக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஸ்லைடில் 'எஸ். வையாபுரிப் பிள்ளை, 1956' என்று முழுசாகவே எழுதுங்கள். இடம் போகட்டும்.

பழைய இலக்கியத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. 'புறம். 192', 'குறள் 423' என்றால் எந்தப் பதிப்பை எடுத்தாலும் அந்தப் பாட்டுக்குப் போய்விடலாம். பக்க எண்ணைவிட இது மேலான முறை. பாடவேறுபாடு பற்றிப் பேசினால் மட்டும் பதிப்பையும் சொல்ல வேண்டும்.

நான்காவது வழி, வாயால் சொல்வது. எனக்குப் பிடித்தது இதுதான், அதிகம் கெடுக்கப்பட்டதும் இதுதான். "ஆய்வுகள் சொல்கின்றன", "அறிஞர்கள் கருதுகின்றனர்" என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களைக் கேட்டால் எனக்குத் தொல்காப்பியரின் 'என்மனார் புலவர்' நினைவுக்கு வரும். எந்தப் புலவர் என்று அவர் சொல்லவில்லை. அவர் காலத்துக்கு அது பொருந்தியது, நமக்குப் பொருந்தாது. பின்னால் வந்த உரையாசிரியர்கள் மேற்கோளை வாரி வழங்கினார்கள். யாப்பருங்கலம் என்ற யாப்பிலக்கண நூலின் உரையான யாப்பருங்கல விருத்தி எடுத்துக்காட்டியதால்தான் மறைந்துபோன பல நூல்களின் பெயரும் சில பாடல்களும் நமக்கு மிஞ்சின.

வாயால் நன்றாகச் சொன்னால் எப்படி இருக்கும்? "2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் ஆறு கரிம மாதிரிகளை எடுத்து, அமெரிக்காவில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கையில் இது இருக்கிறது." சொல்லிப் பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதைக் கேட்டவருக்கு ஆதாரத்தின் பெயர் மட்டுமல்ல, அதன் எடையும் தெரிந்துவிடுகிறது: அந்தப் பழைய தேதியைத் தருவது ஒரே ஒரு மாதிரி. "இதை வைத்து முழுக் குடியிருப்புக்கும் தேதி சொல்வதில் கவனம் வேண்டும்" என்று நீங்களே சொல்லிவிட்டால், அந்தக் கேள்வியோடு காத்திருந்தவர் தலையாட்டத் தொடங்குவார். அடிக்குறிப்பு இந்த வேலையைச் செய்யாது. அது ஆதாரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது.

இந்த வழியில் பள்ளமும் ஆழமானது. பேசும்போது யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்ற துணிச்சலில் கேள்விப்பட்டதை எல்லாம் சொல்லிவிடுவோம். பேச்சுத்திறன் பயிற்சி வகுப்புகளிலேயே இதற்கு உதாரணம் உண்டு: "கருத்தைச் சேர்ப்பதில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று மெஹ்ராபியன் நிரூபித்திருக்கிறார்." ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள் ஒருவரின் விருப்புவெறுப்பைக் கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்பதைப் பற்றியவை, சோதித்தது தனித்தனிச் சொற்களை வைத்து. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெயர் சரி, எண் சரி, பொருள் மட்டும் தப்பு. ஆய்வுரைக்குப் பயிற்சி தரும் மேடையிலேயே இந்தத் தவறான மேற்கோள் ஓடுவது நல்ல வேடிக்கை.

எனக்கும் ஒரு தழும்பு உண்டு. என் வாய்மொழித் தேர்வில் ஓர் உரையாசிரியரின் வரியைக் கம்பீரமாகச் சொன்னேன். புறத்தேர்வாளர் அமைதியாக, "எந்தப் பதிப்புங்க அது?" என்றார். நான் மூலத்தைப் பார்த்ததே இல்லை. வேறொருவர் நூலில் இருந்த மேற்கோளை எடுத்து, மூலத்தைப் பார்த்ததுபோல் போட்டிருந்தேன். தேர்வாளர் பார்த்த பதிப்பில் அந்த வரி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. பட்டம் கிடைத்தது, ஆனால் அந்த அரை நிமிட மௌனம் இன்னும் மறக்கவில்லை. "இன்னார் நூலில் எடுத்துக்காட்டியபடி" என்று மூன்று சொல் சேர்த்திருந்தால் போதும். இந்த விஷயத்தில் எனக்குக் கூட்டாளிகள் ஏராளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிம்கின், ராய்சவுத்ரி என்ற இருவர், மேற்கோள் பட்டியல்களில் அச்சுப்பிழைகூட அப்படியே நகலாவதை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். மேற்கோள் காட்டுவோரில் மூலத்தைப் படிப்பவர் சுமார் 20 சதவீதம்தான் என்பது 2003இல் அவர்கள் சொன்ன மதிப்பீடு.

ஐந்தாவது, கையில் தாள் கொடுப்பது. பவர்பாயிண்டைக் கடுமையாகச் சாடிய எட்வர்ட் டஃப்டி, கனமான செய்தியைத் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள் என்று வற்புறுத்தியவர். இலக்கியத் துறைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. பாட்டைத் திரையில் போட்டால் அடுத்த ஸ்லைடு வந்ததும் போய்விடும். தாளில் இருந்தால் கேட்பவர் விரலை வரியில் வைத்துக்கொண்டு உங்கள் வாதத்தைச் சோதிக்க முடியும். அப்படிச் சோதித்து ஒத்துக்கொண்டவர்தான் உண்மையில் நம்பியவர். ஒரு பக்கம் போதும். பேசும் வரிசையிலேயே மேற்கோள்கள், ஒவ்வொன்றின் அடியிலும் நூல், பதிப்பு, பக்கம். 40 பிரதி ஜெராக்ஸ் எடுப்பது பெரிய செலவில்லை.

குறை? நீங்கள் இரண்டாம் மேற்கோளில் இருக்கும்போது முன்வரிசை ஆறாவதைப் படித்துக்கொண்டிருக்கும். நான் இதைப் பொறுத்துக்கொள்கிறேன். தூங்குவதற்கு இது எவ்வளவோ மேல். தாளுக்குப் பதில் கியூஆர் கோடு போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பின்வரிசையிலிருந்து அது சரியாக ஸ்கேன் ஆவதில்லை, அப்படியே ஸ்கேன் ஆனாலும் செல்போனைக் கையில் எடுத்தவர் உங்களிடம் திரும்பி வருவது சந்தேகம். மேடையில் ஏறும் முன்பே பகிர்ந்துவிட்டால் சரி.

சூழலைப் பொறுத்து என் தேர்வு மாறும். 15 நிமிடக் கருத்தரங்கு என்றால் ஸ்லைடின் அடியில் ஒரு வரி, வாதத்தைத் தாங்கும் இரண்டு மூன்று ஆதாரங்களை மட்டும் வாயால் விளக்கம். எல்லாவற்றையும் வாயால் சொன்னால் பேச்சு பட்டியலாகிவிடும். பாட்டும் உரையும் வருகிற பேச்சுக்குத் தாள். 2008இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியில் அசையாத ஒரே ஸ்லைடுதான் அனுமதி. அங்கே ஒரே ஆதாரத்தை நறுக்கென்று சொல்லி முடிப்பதே நல்லது.

வாய்மொழித் தேர்வு தனி ரகம். 2018இல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைக்குப் பிறகு மாணவர்களின் கவலையெல்லாம் பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதில்தான். மென்பொருள் ஆய்வேட்டைத்தான் பார்க்கும், வாய்ப் பேச்சைப் பார்க்காது. எதிரே இருப்பவரோ இரண்டையும் பார்ப்பார். அவர் கையில் ஆய்வேடு இருப்பதால் துணைநூற்பட்டியலைத் திரையில் மறுபடி காட்டுவது வீண். அந்த இடத்தில் 'நன்றி'க்குப் பின்னால் ஏழெட்டு ஸ்லைடுகளை ஒளித்து வையுங்கள்: நீங்கள் சார்ந்து நிற்கும் மூலப் பக்கங்களின் படம், சம்பந்தப்பட்ட வரியில் கோடு. எந்த ஸ்லைடில் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட் ஓடும்போது 31 என்று தட்டி என்டரை அழுத்தினால் நேராக 31ஆம் ஸ்லைடுக்குப் போய்விடும். "எந்தப் பதிப்புங்க அது?" என்று கேட்டால் வாயைத் திறக்கும் முன்பே முகப்புப் பக்கம் திரையில் இருக்கும்.