கனடா தொழில்முறைத் தேனீயியலாளர் சங்கத்தின் இழப்புக் கணக்கு: குழித்துறையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

குழித்துறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அடுக்குத் தேனீ வளர்க்கிற எனக்குக் கனடாவின் குளிர்கால அறிக்கையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே பனியும் இல்லை, அங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் இல்லை. ஆனாலும் கனடா தொழில்முறைத் தேனீயியலாளர் சங்கம் வெளியிடும், குளிர்காலத்தில் எத்தனை தேனீக் குடும்பங்கள் (ஒரு ராணியோடு ஒரே கூட்டில் வாழும் கூட்டங்கள்) போயின என்று சொல்லும் இழப்பு அறிக்கையை வருடாவருடம் படித்து, அதன் முறையை எங்கள் பெட்டிகளில் பின்பற்றியும் வருகிறேன். எது உதவியது, எது உதவவில்லை என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விளக்கம். இது தேன் எடுப்பவர்களின் சங்கம் இல்லை. மாகாண அரசுகளின் தேனீ அலுவலர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரிவாக்கப் பணியாளர்கள் போன்றோர் சேர்ந்த அமைப்பு. வளர்ப்பவர்களுக்கென்று அங்கே தேன் கவுன்சில் தனியாக இருக்கிறது. ஆகவே உறுப்பினராவது பற்றி நான் யோசித்ததில்லை. எனக்குப் பயன்பட்டவை அவர்களுடைய கணக்கும் நோய்க் கையேடும்தான்.

அந்தக் கணக்கின் பலம் அதன் கேள்வியில் இருக்கிறது. 2007 முதல் ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரே மாதிரியாகக் கேட்கிறார்கள்: இலையுதிர் காலத்தில் எத்தனை குடும்பங்களைக் குளிருக்குள் அனுப்பினீர்கள், வசந்தத்தில் எத்தனை தேறின? 'தேறின' என்பதற்கும் வரையறை உண்டு. பெட்டிக்குள் அடை கட்டத் தொங்கவிடும் சட்டங்களில் குறைந்தது 4இல், இரு பக்கமும், அடையின் முக்கால் பரப்பைத் தேனீ மூடியிருக்க வேண்டும். பார்க்க வேண்டிய தேதியும் அந்தந்த மாகாணத்தின் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி மே மாதத்துக்குள் குறிக்கப்பட்டிருக்கிறது. உயிரோடு ராணியும் கையளவு தேனீயும் இருந்தால் போதாது. அது இழப்புக் கணக்கில்தான் போகும்.

இதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பேச்சு நினைவுக்கு வந்தது. மழைக்காலம் முடிந்து எந்தப் பெரியவரிடம் கேட்டாலும், "கொஞ்சம் போச்சு மக்கா, வழக்கம்போலத்தான்" என்பார். கொஞ்சம் என்றால் பத்தில் இரண்டா, ஐந்தா? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பெட்டித் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த மண் இது. 1937 முதல் கூட்டுறவுச் சங்கம் உண்டு. எத்தனை கிலோ தேன், என்ன விலை என்பதற்கு நோட்டு வைத்திருக்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனை குடும்பம் செத்தது என்று எழுதிய நோட்டை ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை. 1991-92 வாக்கில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து இங்கேயும் கேரளத்திலும் பெரும்பாலான குடும்பங்களை அழித்துவிட்டுப் போனது. அந்தப் பேரழிவைக்கூட நாங்கள் நினைவில்தான் வைத்திருக்கிறோம், தாளில் இல்லை.

சரி, முறையை இங்கே எப்படிப் பொருத்தினேன்? குளிர்காலத்துக்குப் பதிலாக மழைக்காலம். மே கடைசியில், இடவப்பாதிக்கு முன் ஒரு எண்ணிக்கை. டிசம்பரில் ரப்பர் இலை உதிரத் தொடங்கும்போது இன்னொன்று. தளிர் வந்து, மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் தேனீ எடுக்கும் இனிப்பு நீர் சுரக்கத் தொடங்குவதற்குள் எந்தக் குடும்பம் வேலைக்கு ஆகும் என்று தெரிந்துவிட வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் சிறிய வகையான நியூட்டன் பெட்டியில், புழு வளரும் கீழ் அறையில் 7 சட்டம். அதில் நான்கு நிறைந்திருந்தால் தேறியது என்று வைத்துக்கொண்டேன். நம் சட்டம் சிறியது, நம் தேனீயும் சிறியது. அதனால் இந்த நான்கு என் அளவுகோல், அவர்களுடையது அல்ல.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கனடாவில் பனிக்குள் போன குடும்பத்தை வசந்தம் வரை யாரும் பிரிக்க மாட்டார்கள். கணக்கு சுத்தமாக நிற்கும். நாமோ அக்டோபர், நவம்பரில் வலுவான குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, காலியான பெட்டிகளை நிரப்பிவிடுகிறோம். டிசம்பரில் தோட்டத்தைப் பார்த்தால் எல்லாப் பெட்டியிலும் தேனீ பறக்கும், ஒன்றுமே போகாததுபோல இருக்கும். அதனால் பெட்டியை எண்ணுவதை விட்டுவிட்டுக் குடும்பத்துக்கு எண் கொடுத்தேன். பிரித்த குடும்பத்துக்குப் புது எண், செத்ததன் எண் அதோடு முடிந்தது. இதைச் செய்த பிறகுதான் எங்கள் இழப்பின் உண்மையான உருவம் தெரிந்தது. பட்டினியால் போவது ஜூலைப் பெருமழையில் என்று எல்லோரும் நம்புகிறோம். என் நோட்டில் அதிகம் விழுந்தது அதற்குப் பிறகு, வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்ததும் தேனீக்குத் தீனியாக வைக்கும் சர்க்கரைப் பாகை நிறுத்திவிடுகிற வாரங்களில். இப்போது ரப்பர் தளிர் காணும்வரை பாகு நிறுத்துவதில்லை.

காரணம் கேட்கும் பகுதியும் எனக்குப் பிடிக்கும். ராணி சரியில்லை, பட்டினி, இலையுதிர் காலத்திலேயே பலவீனம், வானிலை, தேனீயின் மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணி போன்றவற்றில் முக்கியமான நான்கு காரணங்களை வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். 'தெரியவில்லை' என்றும் பதில் சொல்லலாம், அதையும் மறைக்காமல் அச்சிடுகிறார்கள். நான் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது: ஓடிப்போனது. அடுக்குத் தேனீ பசித்தாலும், மெழுகுப் பூச்சி ஏறினாலும், எறும்பு தொல்லை கொடுத்தாலும் கூட்டமாகக் கிளம்பிவிடும். அது சாவு இல்லை, ஆனால் வளர்ப்பவனுக்கு இழப்புதான்.

நோய்க் கையேட்டைப் பயிற்சிக்கு வருகிற இளைஞர்களுக்குக் காட்டுகிறேன். எங்கள் பக்கம் புழு செத்தாலே எல்லாம் சாக்புரூட் என்று முடிவு கட்டும் பழக்கம் உண்டு. சாக்புரூட் என்றால் புழுவை இடுக்கியால் தூக்கினால் நீர் நிறைந்த பையாக முழுசாக வரும். அமெரிக்கப் புழு அழுகல் நோயில் குச்சியை விட்டு இழுத்தால் பசைபோல நூல் நீளும். ஐரோப்பிய அழுகலில் புழு மஞ்சளாகி முறுக்கிக் கிடக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துப் பழகிவிட்டால் வீணாகப் பெட்டியைக் கொளுத்துவது குறையும்.

எச்சரிக்கை ஒன்று. அங்கே பேசப்படுவது ஐரோப்பியத் தேனீ, நாம் இத்தாலியத் தேனீ என்கிறோமே அந்த இனம். வரோவாவுக்கு அவர்கள் சொல்லும் அமிட்ராஸ் பட்டை, ஆக்ஸாலிக் அமிலம் போன்ற மருந்து எதையும் அடுக்குத் தேனீப் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. உண்ணிக்கு நம் தேனீதான் பழைய வீடு. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீப் புழுவோடு நின்றுவிடும். இன்னொரு குறை, அந்தக் கணக்கு பெரும்பாலும் தொழிலாக வளர்ப்பவர்களைச் சார்ந்தது. வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு பெட்டி வைத்திருப்பவரின் நிலைமை அதில் சரியாகத் தெரியாது. நம் ஊரிலோ அவர்கள்தான் அதிகம்.

இருந்தாலும் அந்த அறிக்கை மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. 15 சதவீதம் வரை தாங்கலாம் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. ஒன்டாரியோவில் 2013-14 குளிர்காலத்தில் 58 சதவீதம் போனது. 2021-22இல் நாடு முழுக்க 45.5 சதவீதம். இவ்வளவு மோசமான எண்ணை அதே ஆண்டிலேயே வெளியில் வைக்கத் துணிவு வேண்டும். எண் வெளியில் வந்ததால்தான் அங்கே வாதமும் நடக்கிறது, தீர்வும் தேடப்படுகிறது. இங்கே ஒரு திட்டத்தில் பெட்டி கொடுத்தவர்கள் அடுத்த வருடம் அதில் தேனீ இருக்கிறதா என்று எங்கள் தெருவில் யாரிடமும் வந்து கேட்டதில்லை. அந்த வருத்தம் எனக்கு நிறையவே உண்டு.

எங்களுக்கு எல்லையும் ஒரு சிக்கல். குழித்துறைக்காரரின் பெட்டி ஜனவரியில் லாரி ஏறிக் கோட்டயம், பத்தனம்திட்டை ரப்பர் தோட்டங்களுக்குப் போகும். அங்கே ஒரு குடும்பம் செத்தால் எந்த மாநிலக் கணக்கில் எழுதுவது? பெட்டி நிற்கும் இடத்தை விட்டு, வளர்ப்பவரின் ஊரை வைத்து எழுதுவதுதான் சரி என்பது என் கருத்து. இந்த வருடம் முதல் கேரளப் பக்கம் பாறசாலை, வெள்ளறடையில் தெரிந்த சில வளர்ப்பாளர்களும் இதே நோட்டை வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்விகளை ஒரே தாளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறேன். இரண்டு எண்ணிக்கை தேதி, குடும்ப எண், தேறியதா, போனதா, ஓடியதா, காரணம், அவ்வளவுதான். டிசம்பரில் தாள்கள் கைக்கு வந்ததும் பெயர்களை எடுத்துவிட்டு வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் தேனீ ஆய்வு மையத்தில் கொடுத்து, வருடாவருடம் இதை அவர்களே கேட்க முடியுமா என்று விசாரிக்கப் போகிறேன்.